கற்பூரம் யார் பக்கம் சுற்றியது

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருஷங்களைத் தள்ளிவிட்டேன். ஒவ்வொரு புரட்டாசியிலும் திருப்பதி மலையேறி இறங்கும்போது இந்தத் தடவை எழுதிவிட வேண்டும் என்று தோன்றும். வீட்டுக்கு வந்து முட்டி வலி தீர்வதற்குள் அந்த எண்ணமும் தீர்ந்துவிடும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். அதுவும் வரதய்யபாளையம் பக்கம் ஒரு எல்லையோர கிராமத்தில், பாதி தமிழும் பாதி தெலுங்குமாகப் படித்த பத்தாம் வகுப்பு. ரசாயனத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்ற கூச்சம் ஒன்று. இன்னொன்று, எழுத உட்கார்ந்தால் ஒரு மனிதரைப் பற்றி நல்லதாக ஒரு வரிகூட என் கையிலிருந்து வராது என்ற பயம். தினமும் சாமி கும்பிடுகிறவன் மனசில் இவ்வளவு இளக்காரம் இருக்கலாமா என்று தயங்கினேன். இப்போது தயக்கம் போய்விட்டது. இளக்காரம் அப்படியே இருக்கிறது.

கிராமத்தை விட்டுச் சித்தூருக்கு வந்து ஒரு மாம்பழக்கூழ் யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். நாட்டின் கதவையெல்லாம் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்த காலம். எங்கள் கூழ் டின்னில் அடைபட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்தது. பிள்ளைகளையும் அப்படியே அடைத்து அனுப்பிவிட வேண்டும் என்று தெருவுக்குத் தெரு ஒரு வெறி. என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சானின் மகன், கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா போய்விட்டான். மச்சான் அன்றிலிருந்து தரையில் கால் வைத்து நடந்து நான் பார்த்ததில்லை.

அவர் சொல்லித்தான் என் மகளைத் திருப்பதியில் ஒரு விடுதிக் கல்லூரியில் சேர்த்தோம். கல்லூரி என்று பெயர். முன்பு மலைக்கு வரும் பக்தர்கள் தங்கிய லாட்ஜ் அது. கதவுகளின் மேல் ரூம் நம்பர்களைக்கூட அழிக்கவில்லை. பக்தர்கள் ஒரு ராத்திரி தங்கி, குளித்து, நிம்மதியாகச் சாமியைப் பார்க்கப் போன அறைகளில் இப்போது பிள்ளைகள் பொழுது விடிவதற்கு முன்பே உட்கார்ந்து மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே முதல் மாடியில் குளிர் சாதனம் வைத்த ஒரே ஒரு அறை. அதற்குப் பெயர் ஏ.சி. செக்‌ஷன். மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்கு அந்த அறையில் இருக்கும் பிள்ளைகளை மட்டும்தான் தயார் பண்ணுவார்கள். மற்றவர்களைப் பாஸ் ஆனால் போதும் என்று கீழே போட்டு வைத்திருப்பார்கள். வாரா வாரம் பரீட்சை. மார்க் குறைந்தால் மாடியிலிருந்து கீழே. என் மகள் மாடியில் இருந்தாள். டாக்டராக வேண்டும் என்பது நானோ மச்சானோ அவள் தலையில் வைத்த ஆசை இல்லை. சின்ன வயசிலிருந்து அவளே சொல்லிக்கொண்டிருந்தது. அந்த அறை போனால் அந்த ஆசையும் போகும். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இனி அந்த லெக்சரர். கரிம வேதியியல் எடுத்தவர். டவுன் பஸ்களின் முதுகில் அவர் முகம் சிரித்துக்கொண்டிருக்கும். சென்ட் வாசனை முதலில் வரும், அவர் பிறகு வருவார். மைக் இல்லாமல் பாடம் நடத்த மாட்டார். 'பின்னால் அடித்தால் ஆர் எஸ் ஆகும்' என்று பிள்ளைகளைக் கோரஸாகக் கத்தவைப்பார். வெளியே தெருவில் நின்றால் பஜனை நடக்கிறது என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வீர்கள்.

அது என்ன ஆர், எஸ் என்று என் மகள் எனக்குச் சொன்ன அளவில் சொல்கிறேன். ஒரு கார்பன் அணுவைச் சுற்றி நாலு பேர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாலு பேரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால், அதே நாலு பேரை இரண்டு விதமாக நிற்கவைக்கலாம். இடது கையும் வலது கையும் போல. ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் ஒன்றின் உறையில் இன்னொன்று நுழையாது. இதில் எது எது என்று பெயர் வைப்பதற்கு ஒரு முறை உண்டு. நாலு பேரில் சின்னவனை, பெரும்பாலும் அது ஹைட்ரஜன், பின்னால் தள்ள வேண்டும். மிச்சம் மூன்று பேரை, பெரியவனிலிருந்து வரிசையாக, முன்னால் நின்று பார்க்க வேண்டும். கடிகாரம் போலச் சுற்றினால் ஆர். எதிராகச் சுற்றினால் எஸ்.

புது ஆள் ஒருவன் வந்து, இருக்கிறவர்களில் ஒருவனைத் துரத்திவிட்டு ஒட்டிக்கொள்வதுதான் அந்தப் பாடம். போகிறவன் போவதற்குள் புது ஆள் வந்தால், நேர் பின்பக்கமாகத்தான் வருவான். வந்த வேகத்தில் மற்ற மூன்று பேரும் போகிறவன் இருந்த பக்கம் சாய்ந்து, இடது கை வலது கையாகிவிடும். அப்படியில்லாமல் போகிறவன் முதலிலேயே கழன்று போய்விட்டால், மிச்சம் மூன்று பேரும் தட்டையாகப் படுத்துவிடுவார்கள். பிறகு வருகிறவன் எந்தப் பக்கமும் வரலாம். இடதும் வலதும் கலந்து கிடைக்கும். இவ்வளவுதான். இதற்கா மைக்கும் சென்ட்டும் என்று கேட்கத் தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது.

ஒரு வெள்ளிக்கிழமை கல்லூரியிலிருந்து யூனிட்டுக்குப் போன் வந்தது. உடனே வர வேண்டும் என்றார்கள். பிள்ளைக்கு உடம்புக்கு ஏதோ என்று பதறிக்கொண்டு பஸ் ஏறினேன். புத்தலப்பட்டு தாண்டும் வரை வேண்டாத தெய்வமில்லை.

உடம்புக்கு ஒன்றுமில்லை. முன்பு லாட்ஜின் வரவேற்பு அறையாக இருந்த இடத்தில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். லெக்சரர் உட்கார்ந்திருந்தார். எனக்கு நாற்காலி சொல்லவில்லை. அவர் தெலுங்கில் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"உங்க பொண்ணு என்னைக் கிண்டல் பண்றா."

"என்னா சார் பண்ணா?"

விடைத்தாளை என் பக்கம் தள்ளினார். "பாருங்க. படம் போட்டு, இது ஆரா எஸ்ஸான்னு கேட்ட கேள்வி எல்லாம் தப்பு. ஒண்ணுவிடாம தப்பு. பேர் குடுத்து, மாறின பிறகு என்ன பேருன்னு கேட்ட கேள்வி எல்லாம் சரி. ஒண்ணுமே தெரியாத பிள்ளை கண்ணை மூடிக்கிட்டுப் போட்டாலும் பாதியாவது சரியா வரும். எல்லாம் தப்பா வரணும்னா எல்லாம் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சே மாத்திப் போட்டிருக்கா."

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மனிதர் பாதி தூரம் சரியாகவே யோசித்திருக்கிறார். எல்லாம் தப்பாக வருவதற்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் யூனிட்டில் ஒரு லோடு மாம்பழம் முழுக்க ஒரே பக்கத்தில் கன்றியிருந்தால், பழத்தை யாரும் திட்ட மாட்டார்கள். எப்படி அடுக்கினீர்கள் என்று லாரிக்காரனைக் கேட்பார்கள். இவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ஆனால் அவருக்கு வேறு கணக்கு. முந்தின வாரம் வகுப்பில் என் மகள் எழுந்து, "புதுசா வர்றது ஏன் சார் பின்பக்கமா மட்டும் வருது?" என்று கேட்டிருக்கிறாள். "அது ரூல்" என்றிருக்கிறார். "அணுவுக்கு யாரு சார் ரூல் சொன்னது?" என்று இவள் கேட்க, வகுப்பே சிரித்துவிட்டது. சிரித்தது வகுப்பு. அவர் மனசில் வைத்துக்கொண்டது என் மகளின் முகத்தை.

"திங்கக்கிழமை வரும்போது ஒரு மன்னிப்புக் கடிதம் கொண்டு வரணும். லெக்சரரைக் கிண்டல் பண்ணத்தான் வேணும்னே தப்பா எழுதினேன்னு எழுதி, நீங்களும் கையெழுத்துப் போடணும். செக்‌ஷன்ல மைக்ல படிக்கணும். இல்லைன்னா கீழே போகட்டும்."

சொல்லிவிட்டு எழுந்து போனார். சென்ட் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது.

பஸ்ஸில் என் மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். பாகாலா தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"நான் கிண்டல் பண்ணல நைனா. சாமி மேல சத்தியமா."

"சத்தியம்லாம் எதுக்குடி? நீ சொன்னா நம்ப மாட்டனா?"

"எல்லாம் எப்டி தப்பாச்சுன்னே புரியல நைனா. நான் நல்லாப் பாத்துதான் போட்டேன்."

"பசிக்குதா? எதுனா துன்னிட்டு யோசி."

"போ நைனா, உனுக்கு எதுக்கெடுத்தாலும் சோறுதான்."

வீட்டில் மச்சான் காத்திருந்தார். அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பிய சாக்லேட் டப்பாவைத் தங்கைக்குப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் என் மகளைப் பார்த்துச் சிரித்தார்.

"வலம் எது இடம் எதுன்னுகூடத் தெரியலயா உனுக்கு? சோறு துன்ற கையைத் தூக்கிப் பாரு, தெரியும்!" பிறகு என்னிடம், "இன்னா மாப்ள, ஒரு காயிதம் தானே? எழுதிக் குடுத்துட்டு வாயேன். மானம் இன்னா கொறைஞ்சிடப் போவுது?"

"பொய்யை எழுதச் சொல்றாங்க மச்சான்."

"பொய்யோ மெய்யோ, சீட்டு முக்கியம். அங்கலாம் இன்னா தெரியுமா? எங்க வூட்டுப் பையன் சொன்னான், அமெரிக்காவுல லைட் சுவிட்சு நம்மளுது மாதிரி கீழ தட்டினா எரியாதாம். மேல தட்டணுமாம். எல்லாமே உல்டா! எவ்ளோ யோசிச்சி வெச்சிருக்கான் பாரு வெள்ளக்காரன்."

"அவுங்க உல்டாவா வெச்சா யோசனை, எம்பொண்ணு உல்டாவா போட்டா முட்டாள்தனமா?" என்றேன்.

"அது வேற, இது வேற" என்றார். எப்படி வேறு என்று இன்றுவரை சொல்லவில்லை. சாக்லேட் கசந்தது. அதுவும் உயர்ந்த ரகமாம்.

மறுநாள் சனிக்கிழமை. எங்கள் வீட்டில் சனிக்கிழமை பூஜை கொஞ்சம் பெரிது. சாமி மண்டபம் ஒரு முக்காலிமேல் ஜன்னலை ஒட்டி இருக்கும். அறை சின்னது. நான் முன்னால் நின்று கற்பூரம் காட்டுவேன். மனைவி என் பின்னால். மகள் சின்ன வயசிலிருந்தே முக்காலிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒடுங்கி நின்று மணி அடிப்பாள். அங்கேதான் அவளுக்கு இடம். சாமி முதுகு அவள் பக்கம், என் முகம் அவளுக்கு எதிரில். குழந்தையாக இருந்தபோது, "எனுக்கு நெருப்பு சரியாத் தெரியல நைனா" என்று சிணுங்கினால், "ஆரத்தி நமக்கா காட்றது? சாமிக்குக் காட்றது. சாமி கண்ணால பாரு" என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. சாமி பார்க்கிறதை நானும் பார்க்கிறேன் என்று தெருவெல்லாம் பெருமையடித்திருக்கிறாள்.

அன்றும் அங்கேதான் நின்றாள். கண் வீங்கியிருந்தது. நான் தட்டை ஏந்திச் சுற்ற ஆரம்பித்தேன். மணி நின்றுவிட்டது.

"நைனா, நீ இடமா சுத்திகினு இருக்க."

"இல்லியே. வலமாத்தான் சுத்தறேன்."

"எனுக்கு இடமாத் தெரியுது."

"அங்க நின்னா அப்டித்தான் தெரியும். நீ சாமி பக்கம் நிக்கற."

"அப்ப சாமிக்கு இடமா தெரியுமா?"

"தெரியும்தான். அதுக்கின்னா?"

"அப்ப வலம் இடம்னு சொல்றது யாரு கணக்கு நைனா?"

"சுத்தறவன் கணக்கு. சாமி எந்தப் பக்கமா பாத்தாலும் ஏத்துக்குவாரு. நீ மணி அடி மொதல்ல."

மணி அடிக்கவில்லை. சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வழிய. என் மனைவி பதறிப்போனாள். "கற்பூரம் எரிய சொல்ல இன்னாடி சிரிப்பு? பைத்தியம் புட்ச்சிச்சா?"

"அம்மா, நான் சாமி கணக்குல போட்டுட்டேம்மா! பரீட்சையில சுத்தறவன் கணக்கு கேட்டாங்க!"

கற்பூரம் அடங்கும்வரைகூடப் பொறுக்கவில்லை. துடைப்பத்திலிருந்து நாலு ஈர்க்குச்சி ஒடித்தாள். மஞ்சள் பிள்ளையாரை நோக்கிக் கை போனது, மனைவி போட்ட சத்தத்தில் திரும்பி வந்தது. நைவேத்தியத்துக்கு வைத்த சப்போட்டாவை எடுத்தாள். குச்சிகளை நாலு பக்கமும் குத்தி, முனைகளில் ஒரு முல்லை மொக்கு, ஒரு திராட்சை, ஒரு கொட்டைப் பாக்கு, ஒரு எலுமிச்சம்பழம் செருகினாள். பாக்குக்குக் கயிறு கட்ட வேண்டியிருந்தது.

"இந்த மொக்குதான் சின்னது. இது பின்னாடி போவணும்னு சார் சொன்னாரா? நான் அது கருவறைன்னு நெனச்சிட்டேன். சாமி பின்னாடி இருக்காரு, மத்த மூணும் முன்னாடி ஆரத்தி மாரி சுத்துது. எப்பவும் போல சாமி பக்கம் நின்னு பாத்துட்டேன் நைனா. வலமா சுத்தறது எல்லாம் எனுக்கு இடமா தெரிஞ்சிருக்கு."

"அப்ப மிச்சக் கேள்விலாம் எப்டி சரியா வந்துச்சி?"

"பேர் குடுத்தாங்கன்னா, அதை மனசுல படமா போட சொல்ல ஒரு தடவ திரும்பிடும். மறுபடி பேர் எழுத சொல்ல இன்னொரு தடவ திரும்பிடும். ரெண்டு தடவ திரும்பினா நேராய்டுது!" சப்போட்டாவைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நடுவுல ரியாக்‌ஷன் எல்லாம் சரியாத்தான் நைனா போட்டிருக்கேன். எங்க திரும்புது, எங்க கலந்து வருதுன்னு எல்லாம் சரி. பேருதான் உல்டா."

அவள் முகத்தில் அன்று இருந்த வெளிச்சத்தை நான் எந்தச் சந்நிதியிலும் பார்த்ததில்லை. அந்தச் சப்போட்டாவை யாரும் தின்னவில்லை. ஒரு பாலிதீன் பையில் போட்டு, திங்கட்கிழமை திருப்பதிக்குக் கொண்டுபோனோம். உண்மை தெரிந்துவிட்டது, இனி என்ன பிரச்சினை என்று நினைத்தேன். அவ்வளவு அப்பாவி நான்.

பிரின்சிபால் அறையில் லெக்சரரும் இருந்தார். பிரின்சிபால் அவருக்குப் பயந்தவர். பஸ் முதுகில் இருப்பது இவர் முகம் இல்லையே. என் மகள் பையிலிருந்து சப்போட்டாவை எடுத்து மேஜைமேல் வைத்துச் சொல்ல ஆரம்பித்தாள். கற்பூரம், மணி, ஜன்னல் பக்கம் எல்லாம் சொன்னாள். லெக்சரர் முழுசாகக்கூடக் கேட்கவில்லை. தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அப்போ உங்க சாமி ஹைட்ரஜன் பக்கத்துல குடியிருக்காரா?"

"எங்க சாமி எங்க வேணா இருப்பாரு சார்" என்றேன். "உங்க வாயிலதான் இன்னும் வரல."

சிரிப்பு நின்றது. நான் விடவில்லை. "பின்னாடி வந்தா திரும்பும்னு எம்பொண்ணு போட்டிருக்கா?"

"போட்டிருக்கா."

"மொதல்லயே கழண்டு போனா கலந்து வரும்னு?"

"போட்டிருக்கா. ஆனா பேர் தப்பு."

"பேருதானே சார்?"

இந்த இடத்தில் என் மகள் என் கையைப் பிடித்தாள். "இல்ல நைனா. சார் சொல்றது சரி. பேரு தப்புன்னா தப்புதான். திருத்தற மிஷினுக்கு நம்ம வூட்டு ஜன்னல் தெரியாது. மார்க் வேணாம் சார். தப்பான பக்கம் நின்னு பாத்துட்டேன்னு எழுதித் தரேன். மைக்லயும் படிக்கறேன். கிண்டல் பண்ணேன்னு மட்டும் எழுத மாட்டேன்."

நியாயமான பேச்சு. பிரின்சிபால்கூடத் தலையாட்டினார். லெக்சரர் ஆட்டவில்லை. "அதெல்லாம் முடியாது. கிண்டல்னு எழுதினாத்தான்."

ஏன் முடியாது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தப்பான பக்கம் நின்று பார்த்தேன் என்று அவள் மைக்கில் படித்தால், எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று நீங்கள் ஏன் காட்டவில்லை என்று இன்னொரு பிள்ளை கேட்கும். இத்தனை மாதமாக மைக்கில் கத்தியவர் ஒரு சப்போட்டாவைக்கூட வகுப்புக்குக் கொண்டுபோனதில்லை. கிண்டல் என்று எழுதினால் குற்றம் பிள்ளையோடு போய்விடும். அந்தப் படிப்பாளிக்கு ஒரு பெண் குழந்தையின் மன்னிப்புக் கடிதம் மானத்தை மூடுகிற துணியாகத் தேவைப்பட்டது. அவ்வளவு கிழிசலான மானம்.

பிரின்சிபால் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். "பிள்ளைக்கு விவரம் போதாது. நீங்க பெரியவங்க. நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும். இன்னிக்கே மாடிக்குப் போகட்டும்."

பேனாவும் அவரே கொடுத்தார். நான் மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சப்போட்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மொக்கு வாடி உதிர்ந்திருந்தது. மாடியிலிருந்து கோரஸ் கேட்டது, பின்னால் அடித்தால் ஆர் எஸ் ஆகும், பின்னால் அடித்தால் ஆர் எஸ் ஆகும். அவளுடைய ஆசை முழுக்க அந்த மாடியில் இருந்தது. ஒரு வரி எழுதினால் போதும்.

பேனாவை மேஜைமேல் வைத்தேன்.

"காலையில கற்பூரம் ஏத்தின கை சார் இது. இதால பொய் எழுத முடியாது."

"அப்போ உங்க இஷ்டம்" என்றார் லெக்சரர். அவளைக் கீழே அனுப்பிவிட்டார்கள்.

கீழே என்றால் லாட்ஜின் பழைய சமையல்கட்டு. சுவரில் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு. அங்கே உட்கார்ந்து தனியாகவே படித்தாள். நுழைவுத் தேர்வில் கொஞ்சத்தில் தவறிவிட்டது. மாடியில் இருந்திருந்தால் கிடைத்திருக்குமா? தெரியாது. கிடைத்திருக்கும் என்று நான் சொன்னால் அதுவும் அந்தக் கடிதம் போல ஒரு பொய்யாகிவிடும். முடிவு வந்த அன்று சாயங்காலம் முக்காலிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் போய் உட்கார்ந்து அழுதாள். நான் கூப்பிடவில்லை. சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு சித்தூரிலேயே பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவளே கேட்டாள். திருப்பதியில் எம்.எஸ்சி. ஹைதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனி. அங்கிருந்து வெளிநாடு. இப்போது அங்கே ஒரு ஆய்வுக்கூடத்தில், மருந்துகளில் இடது கையையும் வலது கையையும் பிரித்துப் பார்க்கிற வேலை. ஒரு கை நோயைத் தீர்க்குமாம். இன்னொரு கை சும்மா கிடக்குமாம், சில சமயம் கெடுதலும் செய்யுமாம். அவள் மேஜையில் குச்சியும் உருண்டையுமாக ஒரு பொம்மை இருக்கிறது. போனில் காட்டினாள். "நம்ம சப்போட்டா மாரி இல்ல நைனா, அழுகிப் போவாது" என்றாள்.

இதோடு விட்டிருப்பேன். சில மாதங்களுக்கு முன் மச்சான் போன் பண்ணினார். அழுகை கலந்த குரல். "மாப்ள, ஒரு வீடியோ அனுப்பிகினு கீறேன் பாரு. நம்ம பொண்ணைப் பத்தி அந்த சார் எவ்ளோ பெருமையா பேசறாரு! மெய்யாலுமே அழுதுட்டேன்."

பார்த்தேன். லெக்சரர் இப்போது லெக்சரர் இல்லை. சொந்தமாகக் கல்லூரி வைத்திருக்கிறார். தலைமுடி கறுப்பாகிவிட்டது. மேடையில் நின்று பெற்றோர்களிடம் பேசுகிறார். எல்லையோர கிராமத்து ஏழைப் பெண் ஒருத்தி. எல்லா விடையும் தப்பு. எல்லோரும் முட்டாள் என்றார்கள். இவர் மட்டும் யோசித்தாராம். இவர்தான் கண்டுபிடித்தாராம், அந்தப் பிள்ளை சாமி பக்கம் நின்று பார்க்கிறது என்று. வகுப்பிலேயே ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றி அவளுக்கு முன்னால் சுற்றிக் காட்டினாராம். அவள் காலில் விழுந்தாளாம். கையைப் பிடித்துத் தூக்கி மாடி அறையில் உட்காரவைத்தாராம். அவள் தகப்பன் ஒரு கடிதம் கொடுத்தானாம், கண்ணீரால் எழுதிய நன்றிக் கடிதம். இன்று அவள் விஞ்ஞானி. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

கற்பூரம் சுற்றுவதை நடித்துக் காட்டினார். நன்றாகப் பார்த்தேன். பார்க்கிறவர்களுக்கு வலமாகத் தெரிய வேண்டும் என்று, தன் கையை இடமாகச் சுற்றினார். சாமிக்கு முன்னால் சுற்றுகிறவன் அப்படிச் சுற்ற மாட்டான். கூட்டத்துக்கு முன்னால் சுற்றுகிறவன் அப்படித்தான் சுற்றுவான்.

மகளுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவள் வீடியோவைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். கோபமே இல்லை அந்தப் பெண்ணுக்கு.

"வுடு நைனா. அவுரு புதுசா எதையும் சேர்க்கலயே. நீ, நான், அவுரு, கற்பூரம், காயிதம். எல்லாம் அதேதான். ஆளுங்களை எடம் மாத்தி நிக்க வெச்சிட்டாரு, அவ்ளோதான்."

"அதுவே போதாதாடி?"

"போதும்தான்" என்றாள். "அதான் கெடுதல் பண்ற கை."

அன்று ராகு காலம் கழியட்டும் என்று காத்திருந்து, எழுத உட்கார்ந்தேன். அந்த மனிதரை ஏழுமலையான் மன்னிக்கலாம், அவன் பெரியவன். நான் மன்னிக்கவில்லை. சபிக்கவும் இல்லை. சாபம் கொடுக்கும் அளவுக்கு அவர் பெரிய ஆள் இல்லை.

இதைப் படித்தவர்கள் இன்னொருவருக்குச் சொல்வீர்கள். சொல்ல வேண்டும் என்றுதான் எழுதினேன். சொல்லும்போது நீளமாக இருந்தால் சுருக்கிக்கொள்ளுங்கள், என் தமிழ் பிடிக்கவில்லையென்றால் உங்கள் தமிழில் சொல்லுங்கள். நின்றவர்களை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கவையுங்கள். என் மகள் ஜன்னல் பக்கம். அவர் அந்த நாற்காலியில். வெள்ளைத் தாள் எழுதாமல் மேஜைமேல். கற்பூரத் தட்டு என் கையில் இருக்கட்டும், அவர் கைக்கு மாற்றிவிடாதீர்கள்.